சிங்க் மாறினால் சுவரும் திறக்க வேண்டும்

கலிபோர்னியாவில் சமையலறை மாற்றும் வேலைக்குப் போனால் நான் முதலில் கேட்பது சிங்க் எங்கே என்றல்ல. பழைய சிங்க்கின் அடிக் கதவைத் திறந்து, சுவரிலிருந்து கழிவுநீர்க் குழாய் எந்த உயரத்தில் வெளியே வருகிறது என்று அளப்பேன். வேலையின் பாதிச் செலவு அந்த ஒரு அளவில் இருக்கிறது.

இங்கே 1950களிலும் 60களிலும் கட்டிய வீடுகள் ஏராளம். அன்றைய சிங்க் 6, 7 அங்குல ஆழம்தான். இன்று கடையில் எல்லோரும் விரும்பி எடுப்பது 9, 10 அங்குலத் தொட்டி. அதன் அடியில் உணவுக் கழிவை அரைக்கும் டிஸ்போசல் தொங்குகிறது. அதில் தண்ணீர் வெளியேறும் வாய் தொட்டியின் அடியிலிருந்தும் பல அங்குலம் கீழே. ஆகவே இயந்திரத்தின் வாய் தாழ்ந்தும் சுவர்க் குழாய் உயர்ந்தும் நின்றுவிடுகின்றன. அரைத்த கழிவோடு தண்ணீர் இயந்திரத்துக்குள்ளேயே தேங்கிப் புளிக்கிறது. பலர் இயந்திரத்தைக் குறை சொல்லிப் புதிதாக இன்னொன்று வாங்குகிறார்கள். இரண்டாவதும் நாறத்தான் செய்யும்.

இதைச் சரிக்கட்ட மடிப்பு மடிப்பாக வளையும் பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெயும் சோறும் படியும். பி-டிராப் என்ற வளைவில் 2 முதல் 4 அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது அது ஒன்றுதான். குழாயைக் கண்டபடி வளைத்தால் அந்தத் தண்ணீரையும் அது உறிஞ்சி இழுத்துவிடும்.

ஒரு வீட்டில் சுவரைத் திறக்க வேண்டும் என்றதும் அந்தப் பெண்மணி முகம் வாடிவிட்டார். "சிங்க் மாற்றத்தானே வந்தீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஜிப்சம் பலகையை வெட்டி எடுத்து, உள்ளே இருந்த கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை அறுத்து அவர் கையில் கொடுத்தேன். ஒன்றரை அங்குலக் குழாய். உள்ளே துருவும் கறுத்த கொழுப்பும் இறுகி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "முழுவதையும் மாற்றிவிடுங்கள்" என்றார்.

சிங்க்கின் குழாய் சுவர்க் குழாயோடு சேரும் 'T' வடிவ இணைப்பைக் கீழே இறக்கி, ஏபிஎஸ் என்ற கறுப்பு பிளாஸ்டிக் குழாய் போட்டேன். மேலே கூரைக்குப் போகும் காற்றுக் குழாயைத் தொடர்பு விடாமல் சேர்த்தேன். கிடைக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு. ஒன்றரை அங்குலக் குழாய் என்றால் டிராப்பிலிருந்து காற்றுக் குழாய் வரை 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்த மாநில விதி. சிங்க்கை ஜன்னலோரம் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்வேன். இன்ஸ்பெக்டர் பார்த்த பிறகே சுவரை மூடினோம்.

கடைசியாக ஒன்று. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாயைச் செருகும் துளையைப் புதிய டிஸ்போசலில் ஒரு சிறு பிளாஸ்டிக் தகடு அடைத்திருக்கும். மேலே மாட்டுவதற்கு முன்பே ஸ்குரூடிரைவரை வைத்துத் தட்டி, உள்ளே விழுந்த துண்டை எடுத்துவிட வேண்டும். மறந்தால் முதல் ஓட்டத்திலேயே சிங்க் ஓரத்தில் நிற்கும் ஏர்கேப் (அழுக்குத் தண்ணீர் பாத்திர இயந்திரத்துக்குத் திரும்பாமல் தடுக்கும் சிறு குமிழ்) வழியாக அழுக்குத் தண்ணீர் மேடையெல்லாம் வழியும்.