போர்வெல் தண்ணீருக்கு மாங்கனீசு மீடியா: நிரப்பியது முதல் ஓட்டியது வரை

எங்கள் பகுதி சென்னைக்குத் தெற்கே, பழைய ஏரியை ஒட்டியது. போரிலிருந்து தண்ணீர் தெளிவாகத்தான் வரும். வாளியில் கொஞ்ச நேரம் நின்றால் மஞ்சளாகும். மறுநாள் அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருக்கும். களிமண்ணுக்கு அடியில் காற்றுப்படாத நீரில் இரும்பு கரைந்தே கிடக்கிறது, ஆக்ஸிஜன் பட்டதும் துருவாகப் பிரிகிறது. லேப் ரிப்போர்ட்டில் இரும்பு லிட்டருக்கு 3 மி.கி., மாங்கனீசு 0.4 மி.கி., பிஎச் 7.1. இரும்பு 0.3 மி.கி. தாண்டினாலே துணியில் கறை விழும். மாங்கனீசு அதைவிடப் பிடிவாதமானது. அது விடுவது கறுப்புக் கறை.

இரும்பை மட்டும் பிடிக்க வேண்டுமென்றால் காற்றூட்டி, சாதாரண மணலில் வடித்தாலே பெருமளவு போய்விடும். மாங்கனீசு அப்படி இல்லை. பிஎச் 7 அளவில் குளோரின் போட்டாலும் அது மிக மெதுவாகத்தான் ஆக்ஸிகரணம் ஆகும். மாங்கனீசு டை ஆக்சைடு பூசிய பரப்பு இருந்தால் கரைந்த மாங்கனீசு அதில் ஒட்டிக்கொள்ளும். குளோரின் அதை அங்கேயே ஆக்சைடாக மாற்றும். அந்தப் புது ஆக்சைடும் அடுத்து வருவதைப் பிடிக்கும். ஃபில்டருக்குள் நிரப்பும் இந்தப் பூச்சுத் துகளுக்கு, அதாவது மீடியாவுக்கு, செலவு செய்யலாம் என்று நான் முடிவெடுத்தது இதற்காகத்தான். பிர்ம் என்ற மீடியா எடை குறைவு, கழுவுவதும் சுலபம். ஆனால் குளோரின் அதற்கு ஆகாது. அதனால் சிலிகா மணலின் மேல் ஆக்சைடு பூசிய கிரீன்சேண்ட் பிளஸ் வகையை எடுத்தேன்.

ஃபில்டரின் உடல் 10 அங்குல விட்டம், 54 அங்குல உயர எஃப்.ஆர்.பி. (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) வெசல். மேலே ஓட்டத்தின் திசையை மாற்றும் மல்டிபோர்ட் வால்வு. மீடியா 75 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 38 லிட்டர், எடை 50 கிலோவுக்கு மேல்.

மீடியா வாங்குவதற்கு முன்பே அளந்து பார்க்க வேண்டியது மோட்டாரின் பேக்வாஷ் ஓட்டம், அதாவது அழுக்கை வெளியேற்றக் கீழிருந்து மேலாக ஏற்றும் தண்ணீரின் அளவு. நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று தயாரிப்பாளரின் ஏட்டில் போட்டிருப்பது பெரும்பாலும் குளிர்நாட்டுத் தண்ணீருக்கு. 13 டிகிரியில் இருக்கும் தண்ணீரைவிட நம் 30 டிகிரித் தண்ணீரின் பாகுத்தன்மை மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதே ஓட்டத்தில் படுகை (மீடியா அடுக்கு) அவ்வளவு உயரமாக எழும்பாது, அழுக்கும் வெளியேறாது. மணிக்கு 30 மீட்டர் வேகம் என்று கணக்கிட்டால் இந்த வெசலுக்கு நிமிடத்துக்கு 25 லிட்டர் போதும். நான் 35க்குக் கீழே போகக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். டிரெயின் குழாயில் 20 லிட்டர் வாளியை வைத்துப் பார்த்தேன், அரை நிமிடத்தில் நிரம்பியது. அதற்குப் பிறகுதான் மீடியாவுக்குப் பணம் கட்டினேன்.

நிரப்பும்போது வெசலின் நடுவே நிற்கும் ரைசர் பைப்பின் வாயை டேப்பால் மூடி, வெசலில் பாதிக்குத் தண்ணீர் விட்டோம். கூழாங்கல் விழும் வேகத்தில் அடி ஸ்ட்ரெய்னர் (சல்லடை) உடையாமல் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். கல் முதலில், மீடியா அடுத்து, மேலே மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். "மணல் ஃபில்டர்தானே சார், போட்டுட்டு ஓட்டிடலாம்" என்றார் பிளம்பர். ஓட்டவில்லை, இரவு முழுக்க ஊற விட்டோம். துகளிடுக்கில் காற்று தங்கியிருந்தால் முதல் பேக்வாஷிலேயே மீடியா குமிழியோடு டிரெயினுக்குப் போய்விடும்.

காலையில் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, கீழிருந்து மேலாகத் தண்ணீர் ஏற்றினோம். முதலில் வந்தது கறுப்பும் பழுப்பும் கலந்த கலங்கல், தூசியாகிப்போன நுண்துகள். டிரெயின் வாயில் வேட்டித்துணி கட்டிப் பார்த்தோம்: தூசி வந்தது, மணல் வரவில்லை. தெளியும் வரை விட்டு, பிறகுதான் முழு ஓட்டம்.

அடுத்து மீடியாவைத் தயார்படுத்துவது. லிட்டர் மீடியாவுக்கு 4 கிராம் கணக்கில் சுமார் 150 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரைத்து, மேலிருந்து மெல்ல ஊற்றி, நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவிட வேண்டும். இந்த உப்பைக் கையாளக் கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். கிளிசரின் பட்டால் தீப்பற்றும், ஆகவே சோப்பு, கிரீம் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். ரின்ஸ் செய்யும்போது முதலில் கத்தரிப்பூ நிறம், பிறகு இளஞ்சிவப்பு, கடைசியில் நிறமே இல்லை. நிறம் உள்ள தண்ணீரைச் செடிக்கு விடாமல் டிரம்மில் பிடித்து, வைட்டமின் சி தூள் போட்டு நிறம் போக்கிய பிறகே வெளியேற்றினோம். வெள்ளை டம்ளரில் பிடித்துப் பார்த்தால்தான் மிச்சமிருக்கும் இளஞ்சிவப்பு தெரியும். சாக்கடையில் ஓடும்போது கண்ணை ஏமாற்றும்.

இப்போதைய ஓட்டம்: போர் தண்ணீர் சம்புக்கு, அங்கே டோசிங் பம்ப் ஹைப்போ (குளோரின் கரைசல்) சேர்க்கிறது. இரும்பு ஒரு மி.கி.க்கு 0.63, மாங்கனீசு ஒரு மி.கி.க்கு 1.3 மி.கி. குளோரின் வேண்டும். எங்கள் கணக்கு 2.4, ஃபில்டருக்குப் பிறகு அரை முதல் ஒரு மி.கி. மிஞ்சும்படி 3 மி.கி. வைத்திருக்கிறேன். மிஞ்சும் குளோரின் பூச்சியத்துக்கு இறங்கினால் பரப்பு களைத்துவிடும் என்பதால் தினமும் சொட்டு டெஸ்ட் செய்கிறேன். ஃபில்டர் வழியாக நிமிடத்துக்கு 10 லிட்டர்தான் விடுகிறேன். மோட்டார் தள்ளும் மீதி, ஒரு பைபாஸ் குழாயில் சம்புக்கே திரும்புகிறது. ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்ப ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகிறது. பொறுத்துக்கொள்ளலாம்.

ஆயிரம் லிட்டரில் 3 கிராம் இரும்பு. ஹைட்ராக்சைடாகும்போது கிட்டத்தட்ட இரு மடங்கு. அதில் ஒரு பகுதி சம்பின் அடியில் தங்கும், அதையும் கழுவியாக வேண்டும். மீதி படுகையில் சேர்கிறது. உள்ளே போகும் அழுத்தத்துக்கும் வெளியே வருவதற்கும் வித்தியாசம் 0.7 பாரை நெருங்கும்போது பேக்வாஷ் என்று வைத்திருக்கிறேன். பேக்வாஷ் முடிந்து முதலில் வருவது ரின்ஸ் லைனில்தான் போகும், டேங்குக்கு விடுவதில்லை.

இரும்பு இப்போது கிட் காட்டும் அளவுக்குக் கீழே. மாங்கனீசுக்கு வீட்டு கிட்டை நம்பவில்லை. சாம்பிள் லேபுக்குக் கொடுத்திருக்கிறேன். 0.1க்குக் கீழே வந்தால் அடுத்த வேலை, சமையலறைக் குழாய்க்கு முன் குளோரினை எடுக்க ஒரு கார்பன் ஃபில்டர்.