வட்டப் பெட்டி

ஜூலை 7, திங்கள்

வடிவமைப்பு மாணவர்களின் இரண்டாம் ஆண்டு ஸ்டுடியோ வகுப்பில் புது ப்ராஜெக்ட். கை நடுங்கும் முதியவருக்கு ஒரு மருந்துப் பெட்டி, நான்கு வாரம். வழக்கம்போல, ஆறு வருடத்துக்கு முன் நான் செய்த வட்டப் பெட்டியை மேசையில் வைத்தேன். ஏழு அறை, சுழலும் மூடி. "இது சும்மா ஓர் உதாரணம். இதையே திருப்பிச் செய்யாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னேன்.

ஜூலை 9, புதன்

ஏழு குழு. ஐந்து வட்டம், ஓர் அறுகோணம், ஒரு சதுரம். சதுரத்துக்கும் சுழலும் மூடிதான்! முதலில் கோபம். பிறகு அந்தக் கோபம் யார் மேல் என்று யோசித்தபடி வீடு வந்தேன்.

ஜான்சன், ஸ்மித் இருவரும் 1991-ல் வெளியிட்ட ஆய்வு ஞாபகம் வந்தது. சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொல்லி, சிலருக்கு மட்டும் மாதிரிப் படம் ஒன்றைக் காட்டினார்கள். அந்த மாதிரியில் உறிஞ்சுகுழல் இருந்தது. உறிஞ்சுகுழல் கூடாது என்பது நிபந்தனை. மாதிரியைப் பார்த்தவர்களில் பலர் அதையே வரைந்து கொடுத்தார்கள். வடிவமைப்பில் மனம் ஒட்டிக்கொள்வது பற்றி இதை வகுப்பில் நானே பாடமாக எடுத்திருக்கிறேன். எடுத்துவிட்டு, பெட்டியைக் கொண்டுபோய் மேசையில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

பெட்டியை அலமாரியில் பூட்டினேன். ஆளுக்கு ஒரு செய்தித்தாள் கொடுத்தேன். கத்தரி, பசை எதுவும் கிடையாது. ஒரு மணி நேரம். ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியில் ஆசிரியர் ஜோசப் ஆல்பர்ஸ் தந்த பயிற்சியின் சாயல் இது. அங்கே கோட்டை, கப்பல் எல்லாம் செய்தவர்களை விட்டுவிட்டு, தாளைச் சும்மா மடித்து நிற்க வைத்தவரைத்தான் அவர் பாராட்டினாராம். படுத்தே கிடக்கும் காகிதம் மடித்தால் நிற்கும் என்பதை அந்த மாணவர் மட்டும்தான் கண்டுகொண்டார்.

எங்கள் வகுப்பிலும் முதல் அரைமணி நேரம் கப்பல்தான். அப்புறம் சலிப்பு வந்தது. சலிப்புக்குப் பிறகுதான் கைகள் காகிதத்தைக் கவனித்தன. ஒருத்தி கசக்கிய தாளை மேசையில் அழுத்தி அழுத்தி, அது திரும்ப எழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. இந்த வேலையில் எனக்கு மிகக் கஷ்டமானது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்.

"மேடம், இதுக்கு எவ்வளவு மார்க்?" என்று கடைசியில் ஒரு குரல். பூஜ்யம் என்றேன். சிரித்தார்கள், கொஞ்சம் இளகினார்கள் என்றும் தோன்றியது.

ஜூலை 14, திங்கள்

ஸ்கெட்ச் கூடாது, மாடல் கூடாது. இந்த வாரம் ஆளுக்கொரு முதியவரோடு மருந்து வேளையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். கேள்விகூடக் கேட்க வேண்டாம் என்றேன். ஒரு வாரம் வீணாகப் போகிறதே என்று சக ஆசிரியர் ஒருவர் வருத்தப்பட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

குறிப்பேடுகளைப் படித்தேன். பெரும்பாலானவை சாதாரணம். ஒரு பையன் எழுதியிருந்தது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது: "தாத்தா மாத்திரையை மறக்கவில்லை. போட்டோமா இல்லையா என்பதைத்தான் மறக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்."

நான் கொடுத்த கேள்வியே தவறு. பெட்டி அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஜூரி, நடுவர்கள் முன் இறுதி மதிப்பீடு. 100 மார்க்கில் 40 குறிப்பேட்டுக்கு என்று மாற்றியிருந்தேன். அதனால் தோற்றுப்போன மாடல்களையும் ஒளிக்காமல் கொண்டுவந்தார்கள். அந்தப் பையனின் குழு வைத்தது சின்னச் சின்னக் கிண்ணங்கள். மாத்திரையைப் போட்டதும் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்ந்திருந்தால் போட்டாச்சு. ஃபோம் போர்டு ஓரமெல்லாம் பிசிறு. "இவ்வளவுதானா?" என்றார் வெளியிலிருந்து வந்த நடுவர். இவ்வளவுதான் என்றான் அவன், கொஞ்சமும் அசையாமல்.

எல்லாம் முடிந்ததும் அலமாரியைத் திறந்து வட்டப் பெட்டியை அவர்களிடமே கொடுத்தேன். வாங்கியவள் மூடியைச் சுழற்றிப் பார்த்தாள். "மேடம், இதுக்கு ரெண்டு கையும் வேணும். ஒண்ணு நடுங்கினா திறக்காது."

ஆறு வருடமாக ஒவ்வொரு வகுப்பிலும் காட்டியிருக்கிறேன் அதை.