ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்

ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர் ஒரு கம்பெனியில் புகுந்துவிட்டால் முதல் போன் சிஸ்டம் பையனுக்குப் போகும். அடுத்தது ஆடிட்டருக்கு. அப்புறம் முதலாளியின் மச்சானுக்கோ, பெங்களூரில் ஐடியில் இருக்கும் யாராவது ஒரு சொந்தக்காரருக்கோ. கம்பெனிகளின் சட்டக் கடமைகளைப் பார்க்கிற கம்பெனி செக்ரட்டரியான என் ஞாபகம் வரும்போது பெரும்பாலும் சாயங்காலம் ஆகியிருக்கும். "மேடம், இதுல லீகலா நமக்கு ஏதாவது வருமா?" என்று இழுப்பார்கள். திருடு போனதே நம்ம வீட்டில், நம்ம மேல் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும்.

வரும். ஆறு மணி நேரத்திலேயே வர ஆரம்பித்துவிடும்.

நான் மேற்கு மாம்பலத்தில் பிராக்டிஸ் செய்கிறேன். கிளையண்டுகள் எல்லாம் சின்ன பிரைவேட் லிமிடெட்கள். ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷீட் மெட்டல் பிரஸ் வைத்திருக்கிறார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள ஒரு வாகனக் கம்பெனிக்கு பிராக்கெட் அடித்துக் கொடுக்கிற வேலை. ஒரு திங்கட்கிழமை காலை அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அம்மா கணக்கு சாஃப்ட்வேரான டேலியைத் திறந்தால் கம்பெனி பட்டியலே காலி. ஃபோல்டரைத் திறந்தால் எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகளில் ஒரு வால். டெஸ்க்டாப்பில் ஒரு நோட்பேட் கடிதம்: உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், பூட்டும் முன் நகலும் எடுத்துவிட்டோம், பேச விரும்பினால் இந்த முகவரிக்கு வாருங்கள். அதன் இங்கிலீஷ் எங்கள் ஊர்க் கம்பெனி சர்க்குலர்களைவிடச் சுத்தமாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எப்படி வந்தார்கள் என்பதில் பெரிய மர்மம் இல்லை. கொரோனா சமயத்தில் அந்த அம்மா வீட்டிலிருந்து டேலி பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டார்கள். ஊரடங்கு போய்விட்டது, அந்த வாசல் மட்டும் மூடப்படவில்லை. பாஸ்வேர்டு, கம்பெனி பெயரோடு 123. பேக்கப் எங்கே என்று கேட்டேன். அதே சர்வரின் டி டிரைவில் ஒன்று. இன்னொன்று பென் டிரைவில். அந்தப் பென் டிரைவும் சர்வரிலேயே செருகியபடி இருந்தது. இரண்டுமே பூட்டப்பட்டிருந்தன.

இந்த ஒரு தடவை எனக்கு மத்தியானமே போன் வந்துவிட்டது. சிஸ்டம் பையன் விண்டோஸ் பென் டிரைவோடு தயாராக நின்றிருந்தான். "அரை மணி நேரம் குடுங்க மேடம், ஃபார்மட் அடிச்சு புதுசா ஏத்திடறேன்." நல்ல பையன், நல்ல எண்ணம்தான். நான் போனிலேயே கத்தினேன்: தொடாதே. நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்கு, மெஷினை அணைக்காதே, கடிதத்தைப் படம் எடுத்து வை, யார் எப்போது முதலில் பார்த்தார்கள் என்று எழுதி வை.

அந்த "எப்போது முதலில் பார்த்தார்கள்" என்பதில்தான் சட்டம் ஆரம்பிக்கிறது. சைபர் சம்பவங்களுக்கான மத்திய அரசு அமைப்பு செர்ட்-இன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 70பி பிரிவின் கீழ் 2022 ஏப்ரல் 28 அன்று அது ஓர் உத்தரவு போட்டது. இந்த மாதிரித் தாக்குதல் கவனத்துக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சின்ன கம்பெனிகளுக்கு விலக்கு என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். விலக்கு கிடையாது, அவகாசம்தான் கொடுத்தார்கள், அதுவும் 2022 செப்டம்பர் 25-உடன் முடிந்துவிட்டது. இணங்காவிட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். அபராதத்தின் உச்சவரம்பு முன்பு ஒரு லட்சமாக இருந்தது. 2023-ல் ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை ஒரு கோடியாக்கியது.

முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "என்ன போச்சுன்னே இன்னும் தெரியல, என்னத்த சொல்றது?" தெரிந்ததைச் சொன்னால் போதும். ஆறு மணி நேரத்துக்குள் கையில் இருப்பதைக் கொடுங்கள், மீதியைப் பிறகு நியாயமான காலத்துக்குள் கொடுக்கலாம் என்று செர்ட்-இன்னே தன் கேள்வி பதிலில் விளக்கியிருக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பலாம், 1800-11-4949 என்ற இலவச எண்ணும் உண்டு. அனுப்பினோம். ஆனால் அந்தப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் அடுத்த வேடிக்கை. சர்வர் கடிகாரம் ஒரு நேரம் காட்டியது. கேமரா டிவிஆர் அதிலிருந்து இருபது நிமிஷம் பின்னால். கைரேகை வைக்கிற அட்டெண்டன்ஸ் மெஷின் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. எது முதலில் நடந்தது என்று எதை வைத்துச் சொல்வது? எல்லாக் கருவிகளின் கடிகாரமும் அரசின் நேர சர்வரோடு ஒத்துப்போக வேண்டும் என்று அதே உத்தரவில் ஒரு வரி இருக்கிறது. படிக்கும்போது, இதெல்லாமா சட்டத்தில் எழுதுவார்கள் என்று தோன்றும். அன்றைக்குத் தோன்றவில்லை. லாக்குகளை, அதாவது சிஸ்டத்தில் எது எப்போது நடந்தது என்ற பதிவுகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான். இவர்களுடைய ரவுட்டர், பழையதை அழித்து அழித்துப் புதியதை எழுதுகிற ரகம்.

அப்புறம் எனக்கே உரிய ஒரு தலைவலி. கணக்குப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கம்பெனிகள் தினமும் பேக்கப் எடுத்து, அதை இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் கணக்கு விதிகள் சொல்கின்றன. முன்பு "அவ்வப்போது" என்று இருந்ததை 2022 ஆகஸ்டில் "தினமும்" என்று மாற்றினார்கள். ஆக, டேலி போனதைத் திருட்டு என்று நாம் சொன்னாலும், பேக்கப் எங்கே என்று கேட்டால் அது நம்முடைய தவறு. இதைச் சொன்னதும் முதலாளி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஆடிட்டருக்குப் போன் போட்டு அவரைத் திட்டினார்.

போலீஸ் புகாருக்கு முதலாளி வேப்பேரி கமிஷனர் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். சென்னை என்றால் வேப்பேரி என்பது பழைய பழக்கம். 2022-லிருந்து அம்பத்தூர் எல்லாம் ஆவடி கமிஷனரேட்டில் வருகிறது. குற்றவியல் நடைமுறைக்கான புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 173-வது பிரிவுப்படி எல்லை பார்க்காமல் எங்கே வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் விசாரணை கடைசியில் ஆவடிக்குத்தானே வரும், நேராக அங்கேயே போங்கள் என்றேன். 1930 எண்ணுக்கு ஏன் அடிக்கக் கூடாது என்று முதலாளியின் மகன் கேட்டார். அது முக்கியமாகப் பணம் பறிபோனால் பரிமாற்றத்தை உடனே நிறுத்தி வைப்பதற்கான எண். இங்கே பணம் எங்கும் போகவில்லை, மிரட்டல்தான் வந்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள், கூடவே புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவில் மிரட்டிப் பணம் பறிப்பதற்கான 308. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் இன்ஸ்பெக்டருக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது, அதனால் புகாரைக் கவனமாக எழுதிக்கொண்டு போவது நல்லது.

ஃபார்மட் அடிக்காமல் விட்ட அருமை அங்கேதான் தெரிந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் 63-வது பிரிவு, மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் இரண்டு பாகம்: ஒன்று கருவியைக் கையாள்பவர் கொடுப்பது, மற்றொன்று நிபுணர் கொடுப்பது. ஹார்டு டிஸ்க்கின் ஹாஷ் எண்ணையும், அதாவது உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடுகிற அடையாள எண்ணையும், அதில் எழுத வேண்டும். பையன் நினைத்தபடி நடந்திருந்தால் புத்தம் புதிய விண்டோஸின் ஹாஷைத்தான் எழுதியிருப்போம். இன்ஷூரன்ஸ்காரர் கேட்டாலும் அதே கதிதான்.

மறைக்கலாம் என்ற யோசனை இந்த நேரத்தில் கண்டிப்பாக ஒருவர் வாயிலிருந்து வரும். இங்கே மச்சான் வாயிலிருந்து வந்தது. "வெளிய தெரிஞ்சா ஆர்டர் போயிடும் மாமா." நான் இரண்டு கதை சொன்னேன். இரண்டும் தமிழ்நாட்டுக் கதைதான். 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் மால்வேர் என்று செய்தி பரவியது. முதல் நாள் அப்படி எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. மறுநாளே அணுமின் கழகம், உண்மைதான், நிர்வாக வேலைக்கான ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது, செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் எங்களுக்குச் சொல்லிவிட்டது என்று ஒப்புக்கொண்டது. உலை இருக்கும் நெட்வொர்க் வேறு, அதற்குப் பாதிப்பில்லை என்று அவர்கள் சொன்னதைக் கேட்க அப்போது யாருக்கும் பொறுமை இல்லை. முதல் நாள் சொன்ன "இல்லை" அதைத் தின்றுவிட்டது.

மற்றது கும்பகோணத்து சிட்டி யூனியன் வங்கி. 2018 பிப்ரவரியில் ஹேக்கர்கள், வெளிநாட்டு வங்கிகளுக்குப் பணம் அனுப்பச் செய்தி போகிற ஸ்விஃப்ட் வழியாக மூன்று பரிமாற்றங்களில் சுமார் இருபது லட்சம் டாலரை வெளியே அனுப்பினார்கள். பரிமாற்றச் செய்திகளை அச்சடிக்கும் பிரிண்டரையும் முடக்கி வைத்திருந்தார்கள், காலையில் தாள் வராமல் இருக்க. கணக்கு ஒத்துப்பார்க்கும்போது வங்கி கண்டுபிடித்து, சம்பந்தப்பட்ட வங்கிகளுக்கு உடனே சொன்னது. நியூயார்க் வழியாக துபாய்க்குக் கிளம்பிய ஐந்து லட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. வங்கியே வெளிப்படையாக அறிவிக்கவும் செய்தது. அந்த வங்கி இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது.

மச்சான் ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. முதலாளி ஒத்துக்கொண்டார். அதற்குக் காரணம் என் கதைகள் இல்லை, வாகனக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம். அதில் பின்பக்கத்தில், பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், தவறினால் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று ஒரு ஷரத்து. அவர்களுடைய வரைபடங்களும் அதே சர்வரில்தான் கிடந்தன. கையெழுத்துப் போடும்போது விலை இருக்கும் பக்கத்தை மட்டும்தான் எல்லாரும் படிக்கிறார்கள். சின்ன கம்பெனிக்கு ஒரு கோடி அபராதம் என்பது காகிதத்தில் உள்ள பயம், ஆர்டர் போவது அடுத்த மாதச் சம்பளம். ஆறு மணி நேர உத்தரவைவிட இந்த ஷரத்துதான் என் கிளையண்டுகளை அதிகம் அசைக்கிறது என்பது என் அனுபவம்.

இதற்கெல்லாம் நடுவில் யாரும் நினைக்காமல் விட்டது எச்ஆர் ஃபோல்டர். காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ, எல்லாம் வரிசையாக ஸ்கேன் செய்து பெயர் போட்டு வைத்திருந்தார்கள். அந்த விஷயத்தில் மட்டும் ஒழுங்கு அபாரம். நகல் எடுத்துவிட்டோம் என்று கடிதம் சொன்னது உண்மையானால், அதுவும் போயிருக்கிறது. "அவங்களுக்கு எதுக்கு மேடம் சொல்லணும், பயந்துடுவாங்க." சொல்லாவிட்டால் அவர்கள் பெயரில் யாரோ லோன் எடுக்கும்போது பயப்படுவார்கள்.

வங்கிக் கணக்கு போன்ற விவரங்களைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனம் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு 2009-லிருந்தே சொல்கிறது. ஐந்து கோடி வரையிலான கோரிக்கையை மாநில ஐடி செயலரே தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிக்கலாம். வேறு பிரிவுகளின் கீழ் இங்கே சென்னையிலேயே 2010 ஏப்ரலில் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது. அபுதாபியில் வேலை பார்த்த ஒருவரின் கணக்கிலிருந்து, வங்கி பெயரில் போலி மெயில் அனுப்பி விவரம் பிடுங்குகிற ஃபிஷிங்கில் பணம் போனது. அவரே ஏமாந்து விவரத்தைக் கொடுத்தார் என்றது ஐசிஐசிஐ வங்கி. உரிய எச்சரிக்கையோடு வங்கி நடந்துகொள்ளவில்லை என்று சொல்லி 12.85 லட்சம் கொடுக்கச் சொன்னார் தமிழ்நாட்டின் அதிகாரி. நாங்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான் என்ற வாதம் எவ்வளவு தூரம் எடுபடும் என்பதற்கு இதைத்தான் கிளையண்டுகளிடம் காட்டுவேன்.

இனி வருவது இன்னும் கடுமை. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. பெரும்பாலான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் அமலாகும். அதன்பின் தரவு கசிந்தால் அந்தச் சட்டத்தின் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும், 72 மணி நேரத்தில் வாரியத்துக்கு முழு விவரம் போக வேண்டும். இத்தனை பேருக்கு மேல் போனால்தான் என்ற வரம்பு எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டால் 200 கோடி வரை, பாதுகாக்கவே தவறினால் 250 கோடி வரை. 2024-ல் ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் மருத்துவ ஆவணங்கள் டெலிகிராமில் தானாகப் பதில் தரும் சாட்பாட்களில் கிடைத்தபோது, கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று சில பாலிசிதாரர்கள் ராய்ட்டர்ஸிடம் சொன்னார்கள். அந்த மாதிரி இடைவெளியை இந்தச் சட்டம் விடாது.

அம்பத்தூரில் கடைசியில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் முதலாளியே தொழிலாளர்களை நிறுத்தி வைத்துச் சொன்னார். தமிழிலும் ஹிந்தியிலும் ஒரு தாள் அடித்து டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒட்டினோம். ஓடிபி யாருக்கும் சொல்லாதே, ஆதாரில் கைரேகையைப் பூட்டி வை, பேங்க்கில் சொல்லி வை. யாரும் பயப்படவில்லை. ஒரிசாவிலிருந்து வந்த ஒரு பையன் மட்டும், அப்படியானால் இந்த மாதச் சம்பளம் தள்ளிப்போகுமா என்று கேட்டான். போகாது என்றார் முதலாளி. எக்ஸெலில் கையால் போட்டுக் கொடுத்தார்கள்.

பணம் கட்டவில்லை. டேலியை ஆடிட்டர் ஆபீஸில் இருந்த பழைய காப்பியிலிருந்தும் ஜிஎஸ்டி போர்ட்டலில் இருந்த இன்வாய்ஸ்களிலிருந்தும் திரும்பக் கட்டுகிறார்கள். அந்த அம்மா இன்னும் என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கிறார். செர்ட்-இன் தொடர்புக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டிய இடத்தில் முதலாளி சிஸ்டம் பையனின் நம்பரை எழுதினார். அடித்துவிட்டு அவருடைய நம்பரைப் போட்டேன். அதற்கு ஒரு சின்னச் சண்டை.

அடுத்த வாரம் கீழ்ப்பாக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே எம்ஆர்ஐ படங்கள் ஏறும் கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் 7. மாற்றினால் மெஷின் சப்போர்ட் கிடைக்காது என்று வெண்டர் சொல்லியிருக்கிறாராம். வெண்டரோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், பின்பக்கங்களோடு.