மாலை போட்ட வீடு

கார்த்திகை 1, திங்கள்

விடியற்காலையிலேயே கடலூர் பாடலீஸ்வரர் கோயிலில் கூட்டம். சபரிமலைக்குப் போகத் தம்பிக்குக் குருசாமி மாலை போட்டுவிட்டார். கன்னிச்சாமி, முதல் தடவை மலைக்குப் போகிறவன். டாலர் கோத்த துளசிமணி ஒன்று, துணைக்கு ஒரு ருத்ராட்சம். இரண்டையும் பாலில் கழுவி, சந்தனம் தொட்டு, சாமி பாதத்தில் வைத்து எடுத்தார்கள். நேற்றுவரை கடையில் தொங்கிய மணிதான். கழுத்தில் ஏறியதும் அம்மாவே அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "டேய்" என்றே கூப்பிட்டுப் பழகிய நானும், "சாமி, காபி ஆறுது" என்கிறேன். இனி 41 நாளும் இப்படித்தான்.

கார்த்திகை 3, புதன்

பஸ் ஸ்டாண்டில் யாரோ தம்பி வண்டியை இடித்துவிட்டு அவனிடமே எகிறினாராம். "வாய் வரைக்கும் வந்துடுச்சுக்கா. கை மாலையில பட்டுது. சாமி சரணம்னுட்டு வந்துட்டேன்." மாலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கார்த்திகை 6, சனி

அப்பாவின் ருத்ராட்ச ஜபமாலை நூல் நைந்திருந்தது. உட்கார்ந்து கோத்தேன். 108 மணி, தலையில் மேரு என்ற தலைமணி. மணியின் முகப்பக்கத்தோடு முகப்பக்கம், வால்பக்கத்தோடு வால்பக்கம் சேரவேண்டும். மணியோடு மணி உரசாதபடி நடுவே ஒவ்வொரு முடிச்சு. அப்பா நடுவிரலில் தாங்கிக் கட்டைவிரலால் உருட்டுவார். ஆள்காட்டி விரல் படாது. மேரு வந்தால் தாண்டமாட்டார், அங்கிருந்தே திருப்புவார். அந்த விரலோட்டத்தில் முள்ளெல்லாம் மழுங்கி, மணிகள் கருத்து வழவழவென்று இருக்கின்றன.

எல்லாமே ஐந்து முகம், அதாவது மணியில் மேலிருந்து கீழாக ஐந்து கோடு. மரத்தில் அதிகம் காய்ப்பதும் அதுதான், விலை குறைவும் அதுதான். ஏகமுகம் வேண்டுமென்று கொட்டிக்கொடுத்து, கோடு செதுக்கிய போலியை வாங்கி வருகிறவர்களைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. ஐந்தெழுத்தைச் சொல்ல ஐந்து முகம் போதாதா?

கார்த்திகை 8, சோமவாரம்

பண்ருட்டி பஸ் பிடித்துத் தம்பியோடு திருவதிகை. சிவன் திரிபுரம் எரித்த வீரட்டானத் தலம். அந்த முப்புரத்தை அழிக்க நினைத்துச் சிவபெருமான் தியானித்தபோது கண்ணில் துளிர்த்த நீரே ருத்ராட்சமானது என்பது புராணம். அழிக்கப் போகிறவனுக்கும் கண் கசிந்திருக்கிறது! அப்பாவின் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு இதை நினைத்தபோது எனக்கும் தாங்கவில்லை.

சூலை என்ற வயிற்றுநோயோடு வந்த தன் தம்பிக்குத் திலகவதியார் திருநீறு கொடுத்ததும் இங்கேதான். அந்தத் தம்பிதான் பின்னாளில் அப்பர். நானும் என் சாமி நெற்றியில் பூசிவிட்டேன்.

அடுத்த வாரம் அம்மாவையும் அழைத்து வரவேண்டும். முட்டி வலிக்கு பஸ் படி ஒத்துவராது. ஆட்டோ பேசணும்.