ஸ்பாமில் கிடந்த சிபாரிசுக் கடிதம்

வேலையில் இருந்துகொண்டே டெக்னாலஜி மேனேஜ்மென்டில் மாஸ்டர்ஸ் படித்து, போன மாதம்தான் முடித்தேன். படிப்பு கஷ்டமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உள்ளே போவதற்குள் பட்ட பாட்டை யாரும் கேட்பதில்லை.

முதல் அடி ஜிமேட், அதாவது மேனேஜ்மென்ட் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. பழைய ஸ்கோர் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தேன். 5 வருஷம்தான் செல்லும். நான் விண்ணப்பிக்கும்போது அதைத் தாண்டி 2 மாதம். திரும்ப எழுத உட்கார்ந்தால் பரீட்சையே மாறியிருந்தது. 2023 கடைசியில் வந்த புது வடிவத்தில் கட்டுரை கிடையாது, மூன்றே பகுதி, 2 மணி 15 நிமிஷம். எனக்கு 645 வந்தது. போச்சுடா என்று அன்றைக்குத் தூக்கமே இல்லை. புது ஸ்கோர் 205 முதல் 805 வரை. பர்சென்டைல்படி, அதாவது எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரை முந்தினோம் என்ற கணக்குப்படி, 645 என்பது பழைய வடிவத்தின் 700-க்குப் பக்கம் என்று மறுநாள்தான் உறைத்தது. எழுதியவர்கள் பர்சென்டைலை மட்டும் பாருங்கள். வேலை அனுபவம் நிறைய இருந்தால், பரீட்சையிலிருந்து விலக்கு உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

மார்க் ஷீட்டை சீல் வைத்த கவரில் அனுப்பச் சொன்னார்கள். பெயர் சரியாக இருக்கிறதா பார்ப்போமே என்று கவரைப் பிரித்துவிட்டேன். பிரித்தால் செல்லாது. இன்னொரு கவருக்கு 3 வாரம்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது சிபாரிசுக் கடிதம். என் பழைய மேனேஜர் கம்பெனி மாறியிருந்தார். அவருடைய சொந்த மெயிலைக் கொடுத்தேன். ஆபீஸ் மெயில்தான் வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். அதையும் கொடுத்தேன். பத்து நாளாக போர்ட்டலில் 'நிலுவையில்' என்றே இருந்தது. அட்மிஷன் ஆபீசுக்கு மூன்று முறை போன் போட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்: "போர்ட்டலில் பாருங்க." போர்ட்டலைப் பார்த்துவிட்டுத்தானே போன் செய்கிறேன்!

கடைசித் தேதிக்கு 2 நாள் முன்னால் மேனேஜரையே கூப்பிட்டேன். கடிதம் எழுதுவதற்கான லிங்க் அவருடைய ஸ்பாமில் கிடந்தது. திறந்து படித்துவிட்டு, "ஏம்ப்பா, நல்லா கோட் எழுதுவான்னு நாலு வரி எழுதலாம்னு பார்த்தேன். உன்னை எப்போ திட்டினேன், நீ அதை எப்படி எடுத்துக்கிட்டேன்னு கேக்கறாங்களே" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவரே, "அந்த ஜூனியர் பையன் கதையை எழுதிடறேன்" என்றார். அவன் எழுதிய கோட் மாட்யூலை நான் ராத்திரியோடு ராத்திரியாக, அவனிடம் சொல்லாமலே திருத்தி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்ட கதை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது.

நேர்காணலில் என் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்சர் சாதனைகளைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. இருபது நிமிஷமும் அந்தப் பையன்தான்.

சேர்ந்த பிறகு ஃபைனான்ஸ், ஸ்ட்ராடஜி எல்லாம் ஓடிவிட்டன. கூட இருப்பவர்கள் எல்லோரும் நம்மைப் பற்றிக் கருத்து சொல்லும் 360 டிகிரி ஃபீட்பேக்கில் மட்டும் ஓர் அடி: "முடிவை எடுத்துவிட்டு வந்துதான் எங்கள் கருத்தைக் கேட்கிறார்." பெயர் இல்லை. யார் எழுதியது என்று ஒரு வாரம் ஆராய்ந்தேன். குழுவில் ஐந்து பேருமே அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

பட்டம் வந்ததும் மேனேஜருக்கு நன்றி சொல்லி மெயில் போட்டேன். நான்கு நாளாகப் பதில் இல்லை. போன் செய்து ஸ்பாமில் பார்க்கச் சொன்னேன்.