நன்றி, கறுப்பா

2020 நவம்பர் 29. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணி இரண்டு கோல் பின்தங்கிக் கிடந்தது. இடைவேளை முடிந்து உருகுவேக்காரர் எடின்சன் கவானி இறங்கினார். ஒரு கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தார். இரண்டைத் தலையால் முட்டித் தானே போட்டார், அதில் இரண்டாவது 90 நிமிடமும் தாண்டிய பிறகு. ஆட்டம் 3-2. நண்பர் ஒருவர் இன்ஸ்டாகிராமில் வாழ்த்து அனுப்ப, இவர் பதில் போட்டார்: 'கிராசியாஸ், நெக்ரிதோ.'

நன்றி, கறுப்பா. இவ்வளவுதான் செய்தி. ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் கொடுத்தது மூன்று ஆட்டத் தடை, 1,00,000 பவுண்டு அபராதம். போதாததற்கு, 33 வயது ஆளுக்கு நேரில் உட்கார்த்தி வகுப்பு வேறு.

நம் வீடுகளில் பிள்ளையைக் 'கறுப்பா', 'கறுப்பி' என்று கொஞ்சும் குரல் இருக்கிறதே, அதே குரல்தான் இது. உருகுவேயில் வெளுத்த தோல்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மனைவி கணவனை, பாட்டி பேரனை. 1950 உலகக் கோப்பையில், மரக்கானா மைதானத்தில் பிரேசிலைச் சாய்த்த அணித்தலைவர் ஒப்துலியோ வரேலாவுக்கு அந்த நாடே வைத்த பெயர் 'நெக்ரோ ஹெஃபே', கறுப்புத் தலைவன். அதைவிடப் பெரிய மரியாதை அங்கே யாருக்கும் கிடைத்ததில்லை.

கவானி ஐரோப்பாவுக்கு நேற்று வந்தவர் அல்ல. சால்தோ நகரில் பிறந்து, மான்டிவிடியோவில் தனுபியோ கிளப்புக்கு ஆடி, 2007 ஜனவரியில் இத்தாலியின் பலெர்மோவுக்குப் போனவர். ஜனவரியில் போவதே ஒரு சங்கடம். தென் அமெரிக்காவில் அது கோடை, விடுமுறைக் காலம். ஐரோப்பாவிலோ நடு லீக், நடுக் குளிர். ஒருவர் நல்ல உடல் தகுதியோடு வந்தாலும், ஏற்கெனவே ஐந்து மாதம் சேர்ந்து ஆடிப் பழகிய அணிக்குள் நுழைய இடம் வேண்டும். மார்ச்சில்தான் அவருக்கு முதல் ஆட்டம் கிடைத்தது, ஃபியோரென்தீனாவுக்கு எதிராக, அதுவும் மாற்று ஆளாக. அதிலேயே கோல். பிறகு 2010இல் நாப்போலி, மூன்று பருவத்தில் 104 கோல். ஊர் பிடித்துவிட்டது என்றே தோன்றும்.

ஆனால் ஊர் பிடித்ததா என்பதை கோல் கணக்கில் பார்க்கக் கூடாது, மாத்தே என்ற இலைப்பானத்தில் பார்க்க வேண்டும். உருகுவேக்காரர் எங்கே போனாலும் கக்கத்தில் ஃபிளாஸ்க், கையில் சுரைக்குடுக்கை. குடுக்கையில் முக்கால் பங்கு யெர்பா இலைத்தூள். வாயை உள்ளங்கையால் மூடிக் கவிழ்த்து ஒரு குலுக்கு, நொய்தூள் மேலே வரட்டும் என்று. நிமிர்த்தும்போது சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பள்ளத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டு ஊறவிட வேண்டும். பிறகு பொம்பிஷா என்ற உலோக உறிஞ்சியின் மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு செருக வேண்டும். அடைக்காவிட்டால் தூள் ஏறி அடைத்துக்கொள்ளும். செருகியபின் கிளறவே கூடாது, கிளறினால் மேடு சரிந்து எல்லாம் குழம்பு. ஊற்றும் நீர் 75 முதல் 80 டிகிரி. இங்கேதான் ஐரோப்பா கெடுக்கிறது. மின்கெட்டில் நூறு டிகிரி கொதித்த பிறகே 'டக்' என்று அணையும். கொதிநீர் பட்டால் இலை வெந்து முதல் வாயிலேயே கசப்பு, நாலாவது வாயில் சப்பென்று ஆகிவிடும். கெட்டில் இரைய ஆரம்பித்ததும், குமிழ் வருவதற்குள் நிறுத்திவிட வேண்டும்.

தூளிலும் பேதம் உண்டு. அர்ஜென்டினத் தூளில் காம்பு கலந்திருக்கும். உருகுவேக்காரருக்குக் காம்பில்லாத, பொடியாக அரைத்த தூள்தான் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதற்காக உயிரை விடும் உருகுவேயில் அந்த மரம் வளர்ப்பதில்லை, கிட்டத்தட்ட அத்தனையும் பிரேசிலிலிருந்து வருகிறது. ஆக ஊர் ருசியே இறக்குமதிதான்.

மாத்தேயைக் கூடி உட்கார்ந்து சுற்றாகக் குடிப்பார்கள், அதில் ஒரு சட்டம் இருக்கிறது. ஊற்றுபவர் ஒருவர்தான், அவரிடமிருந்து ஒரே குடுக்கை கைமாறும். அடிவரை உறிஞ்சி, சலசல சத்தம் வந்ததும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 'கிராசியாஸ்' என்று சொன்னால் எனக்குப் போதும் என்று பொருள், அடுத்த சுற்று வராது. மரியாதைக்கு முதல் வாயிலேயே நன்றி சொல்லிவிட்டு, ஏன் நமக்கு மட்டும் வரவில்லை என்று காத்திருக்கும் ஐரோப்பியர் உண்டு. பிரெஞ்சு ஆட்டக்காரர் கிரீஸ்மான் தப்பித்தார். ஸ்பெயினின் ரியல் சோசியதாத் கிளப்பில் கார்லோஸ் புவேனோ என்ற உருகுவேக்காரர் பழக்கிவிட்டதால், இன்று அவரும் குடுக்கையோடுதான் அலைகிறார்.

ஆக, 'நன்றி', 'கறுப்பா' என்ற இரண்டு சொல்லுக்குமே ஊர்ப் பொருள் வேறு.

பாரிசில் பட்டது வேறு வகை அந்நியம். 2013இல் பாரிஸ் சென் ஜெர்மேன் கிளப்பார் 64 மில்லியன் யூரோ கொடுத்து, கோலுக்கு நேரே நடுவில் ஆடும் கவானியை வாங்கினார்கள். ஆனால் நடுவில் ஸ்வீடன்காரர் இப்ராகிமோவிச் நின்றார். இவரை ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஓரத்தில் நிற்பவர் எதிரணிப் பக்கத் தடுப்பாளரோடு நாற்பது ஐம்பது மீட்டர் பின்னுக்கு ஓடி, பந்து கிடைத்ததும் அதே தூரம் முன்னுக்கு ஓட வேண்டும். கோலுக்கு முன் வரும்போது மூச்சு வாங்கும், ஊன்றுகால் சரியாக விழாது. கவானியின் தனித்திறமையோ, தடுப்பாளரின் முதுகுப்புறம் பதுங்கி நின்று, அவர் பந்தைப் பார்க்கும் நொடியில் முன்கம்பத்துக்குப் பாய்வது. ஓரத்திலிருந்து அந்த ஓட்டத்தைத் தொடங்கவே முடியாது. பருவவாரியாக லீக் கோல் கணக்கு சொல்லும்: 16, 18, 19. இப்ராகிமோவிச் போன பருவத்தில் 35! மூன்று வருடம் ஓரத்தில் ஓடிய ஆளைச் சோம்பேறி என்று எவரும் சொன்னதில்லை. வீணடித்தார்கள் என்பேன்.

சரி, அந்தச் சொல்லுக்கு வருவோம். சால்தோவில் அதே 1987இல், மூன்று வாரம் முன்னதாகப் பிறந்த லூயிஸ் சுவாரசும் இதில் மாட்டியவர். 2011இல் எதிரணியின் கறுப்பின வீரர் பத்ரீஸ் எவ்ராவிடம் 'நெக்ரோ' என்றதற்கு எட்டு ஆட்டத் தடை, 40,000 பவுண்டு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது எனக்கு ஒப்பாது. அது மைதானத்தில், சண்டையில், எதிராளியைப் பார்த்துச் சொன்னது. நம்மூரிலும் 'கறுப்பா' கொஞ்சலாகவும் வரும், ஏச்சாகவும் வரும். குரல்தான் பிரிக்கும். கவானி சொன்னது நண்பருக்கு. புண்படுத்தும் எண்ணம் இல்லை என்று தண்டனை கொடுத்த குழுவே ஒப்புக்கொண்டது. உருகுவேயின் மொழிக் கழகமும் வீரர் சங்கமும் கொதித்தன. ஆனால் உருகுவேயின் கறுப்பின மக்களே 'கறுப்பன் மாதிரி உழைப்பது' என்ற வழக்கை எதிர்த்து வந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கொஞ்சலுக்கு அடியில் அடிமைச் சந்தை இருந்தது என்பது அவர்கள் வாதம். கவானி வழக்காடவில்லை. மன்னிப்புக் கேட்டார், மூன்று ஆட்டம் வெளியே உட்கார்ந்தார்.

2021 மார்ச்சில் அவருடைய அப்பா, பிள்ளைக்கு இங்கிலாந்தில் மனம் ஒட்டவில்லை, தென் அமெரிக்கா பக்கம் வரப் பார்க்கிறான் என்று அர்ஜென்டினத் தொலைக்காட்சியில் போட்டு உடைத்தார். மே மாதம் பிள்ளை யுனைடெடிலேயே இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே ஃபுல்ஹாமுக்கு எதிராக நாற்பது கெஜத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போட்டு ஒரு கோல், பெருந்தொற்றுக்குப் பின் திரும்பிய பத்தாயிரம் பேர் முன்னால். இனி இங்கேதான் என்று தோன்றிய நேரத்தில் ரொனால்டோ வந்தார். 7ஆம் எண்ணை விட்டுக்கொடுத்துவிட்டு கவானி எடுத்துக்கொண்டது 21. உருகுவே சட்டையில் அவர் போட்ட எண் அது.

2023இல் ஸ்பெயினின் வலென்சியா கிளப் வழியாகப் போக்கா ஜூனியர்ஸ் போய்ச் சேர்ந்தார். அது அர்ஜென்டினாதான், காம்பு கலந்த யெர்பாதான். ஆனால் புவெனஸ் அய்ரெசில் காரை எடுத்து ஆற்றோரமாக வடக்கே கொன்கோர்தியா வரை போய், அணைக்கட்டின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் சால்தோ.