ஒட்டிய உறையும் மூன்று காவலர்களும்

ஆன் ஃபோந்தேன் இயக்கி 2020-இல் வெளிவந்த 'போலீஸ்' என்ற பிரெஞ்சுத் திரைப்படத்தை இந்த மாதம் இரண்டாவது முறையாகப் பார்த்தேன். பாரீஸ் நகரக் காவல் நிலையம் ஒன்றில் பணியாற்றும் வீர்ஜினி, அரிஸ்தீத், எரிக் ஆகிய மூவரிடமும், அவர்கள் வழக்கமாகச் செய்யாத ஒரு வேலை ஓர் இரவு ஒப்படைக்கப்படுகிறது. வெளிநாட்டவரை அடைத்துவைக்கும் தடுப்பு மையத்திலிருந்து தஜிகிஸ்தான் நாட்டவர் ஒருவரை அழைத்துச் சென்று, ருவாசி விமான நிலையத்தில் விமானம் ஏற்றிவிட வேண்டும். அவரோடு ஓர் ஒட்டிய உறையும் தரப்படுகிறது. காவலர்கள் அதைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. ஓடும் வண்டியில் வீர்ஜினி அதைப் பிரித்துப் படிக்கிறார். சொந்த நாட்டில் அந்தத் தஜிகிஸ்தான் நாட்டவருக்குக் காத்திருப்பது மரணம் என்பது தெரிந்துவிடுகிறது.

முதல் முறை பார்த்தபோது இதை ஒரு மனசாட்சிப் போராட்டமாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். சட்டத்தைச் சற்றுப் படித்த பிறகு பார்த்தபோதுதான், இந்த மூவரும் எவ்வளவு இறுக்கமான இடத்தில் சிக்கியிருக்கிறார்கள் என்பது விளங்கியது. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள நாட்டுக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 33-ஆவது பிரிவு. சித்திரவதையைத் தடை செய்யும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3-ஆவது பிரிவுக்கு விதிவிலக்கே கிடையாது. பிரான்ஸ் இரண்டையும் ஏற்ற நாடு. 1981-இல் மரண தண்டனையை ஒழித்த நாடும்கூட. 2014 முதல் நடப்பில் உள்ள அந்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளோ, மேலதிகாரியின் ஆணைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்த ஆணை வெளிப்படையாகவே சட்டவிரோதமாகவும் பொதுநலனுக்குக் கடுமையான கேடு விளைவிப்பதாகவும் இருந்தால் மட்டும் விலக்கு அளிக்கின்றன. 'வெளிப்படையாகவே' என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. புகலிடக் கோரிக்கை உரிய அலுவலகத்தால் நிராகரிக்கப்பட்டு, முத்திரையிட்ட ஆணையும் கையில் இருக்கும்போது, வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் ஒரு காவலர் அதைச் சட்டவிரோதம் என்று எந்தத் துணிவில் சொல்வார்? உறை ஒட்டப்பட்டிருப்பது காவலர்களுக்கும் ஒரு பாதுகாப்புதான். படிக்காதவரைக்கும் அவர்களுடையது வெறும் பயணப் பணி. உறை பிரிக்கப்பட்டதும் எரிக் கோபப்படுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். விதியைப் பிடித்துத் தொங்கும் கடுமையான மனிதராக முதலில் அவரைத் தள்ளிவிட்டேன். இப்போது அவர்மீது எனக்கு இரக்கம் வந்திருக்கிறது. எரிக்காக நடித்திருக்கும் கிரகோரி கதபுவா அந்தக் கோபத்துக்குள் இருக்கும் அச்சத்தை மிக நுட்பமாகக் காட்டியிருக்கிறார்.

படத்தின் முற்பகுதி ஒரே நாளை மூவரின் பார்வையிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஒருவர் காதில் பாதியாக விழுந்த பேச்சு அடுத்தவரின் பகுதியில் முழுமை பெறுகிறது. வீர்ஜினியின் வயிற்றில் அரிஸ்தீத்தின் கரு வளர்கிறது என்பதும், மறுநாள் அதைக் கலைக்க அவர் முடிவு செய்திருக்கிறார் என்பதும் இப்படித்தான் நம்மை வந்தடைகின்றன. இந்தக் கிளைக்கதை தேவையா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் வீர்ஜினியாக வரும் நடிகை வீர்ஜினி எஃபிரா அதைக் கண்ணீராக்காமல், உடலின் சோர்வாகவே சுமந்து நடித்திருக்கிறார். அரிஸ்தீத்தாக வரும் ஓமர் சியும் தம் வழக்கமான கலகலப்பை மெல்ல மெல்லக் கழற்றி வைக்கிறார்.

என் குறை வேறு. நாடு கடத்தப்படும் மனிதரைப் பற்றி அந்த உறையில் இருப்பதற்கு மேல் நாம் அறிந்துகொள்வது மிகக் குறைவு. ஈரானிய நடிகர் பேமான் மோஆதிக்குக் கிடைத்திருப்பவை கண்களும் மூச்சும் மட்டுமே. காவலர்களுக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு அவர்கள் மொழி தெரியாது. வண்டிக்குள் அவருடைய உயிரைப் பற்றி நடக்கும் வாக்குவாதத்தில் அவரால் ஒரு சொல்லும் சேர்க்க முடியவில்லை. மூன்று காவலர்களுக்கும் தனித்தனிப் பார்வையைக் கொடுத்த திரைக்கதை, நான்காவதாக அந்த நாளை அவர் கண்வழியும் ஒருமுறை காட்டியிருக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன்.

இருந்தும், அவர் தப்பிச் செல்லட்டும் என்று காவலர்கள் வழிவிடும் காட்சியில் அந்த மௌனமே பேசிவிடுகிறது. போகலாம் என்கிறார்கள். அவர் நகரவில்லை. முதுகில் சுட்டுவிட்டு, தப்பி ஓடினான் என்று எழுதிக்கொள்ளும் காவலர்களைத்தான் அவர் தம் வாழ்நாளில் அறிந்திருப்பார் போலும். இவர்கள் வேறு மாதிரியானவர்கள் என்பதை அவரிடம் சொல்ல, அந்த மூவரிடமும் ஒரு மொழி இல்லை.